சிறு பிள்ளைகளோடு கப்பல் பயணம்: எதைப் பார்த்துப் பதிவு செய்வது?

எங்கள் இளைய மகளுக்கு அப்போது இரண்டு வயது பத்து மாதம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவுக் கப்பல் ஒன்றை, விளம்பரத்தில் இருந்த நீர்ச்சறுக்குகளையும் பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளை விட்டுவைக்கும் குழந்தைகள் கிளப்பின் வண்ணச் சுவர்களையும் பார்த்து மயங்கி, ஆறு மாதம் முன்னதாகவே பதிவு செய்திருந்தோம். கப்பலில் ஏறிய அன்று மாலை, கிளப் வாசலில் நின்ற பணிப்பெண் கேட்ட இரண்டே கேள்விகளில் எங்கள் கணக்கு முழுவதும் தப்பிப்போனது: மூன்று வயது முடிந்துவிட்டதா, டயப்பர் விட்டாயிற்றா? இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். மறுநாள் நீச்சல் குளத்திலும் அதே கதை. டயப்பர் அணியும் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள். மூத்தவன் சறுக்கில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, இளையவளைக் கேபின் குளியலறையில் நிறுத்தி, ஐஸ்கட்டி வைக்கும் வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றி விளையாட்டுக் காட்டினோம். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்பது வேறு விஷயம்.

குடும்பத்தோடு கப்பலில் போக நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், எந்தக் கப்பல் என்று பேசத் தொடங்குவதற்கு முன், வீட்டின் கடைக்குட்டிக்குப் புறப்படும் தேதியில் எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அதன் கீழே, அந்தக் குழந்தை டயப்பர் அணிகிறதா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டு எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தச் சிறிய குறிப்பை எதிரில் வைத்துக்கொண்டு விசாரித்தால், பளபளப்பான பல கப்பல்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும்.

வயது விதிகள்

பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையைக் கப்பலில் ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கும், தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரையே தொடாத பயணங்களுக்கும் பன்னிரண்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. கப்பலில் மருத்துவர் இருந்தாலும் பச்சிளங்குழந்தைக்கான சிறப்புச் சிகிச்சை அங்கே கிடைக்காது என்பதால் இந்தக் கட்டுப்பாடு. மீண்டும் கருவுற்றிருக்கும் தாய்மாருக்கும் இதுபோன்ற எல்லை உண்டு. பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. விர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் போன்றவை 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையுமே ஏற்றுவதில்லை என்பதால், நண்பர் யாரேனும் அவற்றைப் புகழ்ந்தால் கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம்.

கிளப் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு அதிகம். ராயல் கரீபியன் கப்பல்களில் மூன்று வயது நிறைந்து, கழிவறைப் பழக்கமும் வந்த குழந்தைகளையே கிளப்பில் விட முடியும். கார்னிவல் கப்பல்களில் இரண்டு வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள், டயப்பரும் அவர்களே மாற்றிவிடுகிறார்கள். டிஸ்னி கப்பல்களில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளப்பும், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையானவர்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனிக் காப்பகமும் உண்டு. எந்த நிறுவனமாக இருந்தாலும், “குழந்தைகளுக்கான வசதி இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் இருக்கிறது என்றுதான் ஏஜெண்ட் சொல்வார். “புறப்படும் நாளில் இரண்டு வயது பத்து மாதம், இன்னும் டயப்பர் அணிகிறாள், பெற்றோர் உடன் இல்லாமல் விட முடியுமா?” என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

குளத்துக்குள் இறங்க விடாததில் நியாயம் இருக்கிறது. ஒரு குழந்தை தண்ணீரில் அசுத்தம் செய்துவிட்டால் குளத்தையே மூடிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கடையில் விற்கும் நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இந்த விதி தளர்வதில்லை. சில கப்பல்களில் மட்டும், டயப்பர் குழந்தைகளுக்கென்றே தண்ணீர் பீய்ச்சும் சிறு திடல் தனியாக இருக்கிறது. அது அந்த நிறுவனத்தின் எல்லாக் கப்பல்களிலும் இருக்கும் என்று எண்ணிவிடாமல், நீங்கள் ஏறப்போகும் கப்பலின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு உயரம்தான் அளவுகோல். ராயல் கரீபியனின் செயற்கை அலைத்தளத்தில் பலகையில் படுத்தபடி சறுக்குவதற்கே 132 செ.மீ. உயரம் வேண்டும். ஆறு வயதுப் பையனை அதைச் சொல்லிக் கூட்டிப்போனால் அங்கே அவன் அழுவதைத்தான் பார்க்க நேரிடும்.

எங்கிருந்து, எந்தத் தடத்தில்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இந்தியத் துறைமுகத்திலிருந்தே புறப்படும் கப்பல். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து தன் பயணங்களைத் தொடங்கியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் போய்வந்தது. ஆண்டு முழுவதும் சென்னையிலேயே நிற்கும் கப்பல் அல்ல என்பதால் அந்தந்தப் பருவத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டுப் பயணமென்றால் விசா வேலை இல்லை, விமானம் இல்லை, குழந்தைக்குப் பழக்கமான சாப்பாடு கிடைக்கும். கைக்குழந்தையோடு முதன்முறை போகிறவர்களுக்கு இவை சிறிய சலுகைகள் அல்ல. ஆனால் கப்பல் 1990இல் கட்டப்பட்டது, ஏறத்தாழ 48,500 டன் கொள்ளளவுள்ளது. இன்றைய புதிய கப்பல்களின் படத்தைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு ஏறக் கூடாது.

இன்னொன்று, சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் கப்பல் ஏறுவது. ஏறத்தாழ 1,50,000 டன் கொள்ளளவுள்ள கென்டிங் டிரீம், ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம், ஆன்தம், ஓவேஷன் போன்ற கப்பல்கள் வெவ்வேறு பருவங்களில் அங்கிருந்து புறப்பட்டிருக்கின்றன. 2,08,000 டன் கொள்ளளவுள்ள டிஸ்னி அட்வென்ச்சரின் முதல் பயணம் 2026 மார்ச் 10 என்று அறிவிக்கப்பட்டது. அதன் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் வேறெந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே சுற்றித் திரும்பும் வகையில் அமைந்தவை. கரை தொடாத பயணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுவே நிம்மதி என்பேன்.

துறைமுகங்கள் எல்லாம் குழந்தைகளுக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தின் விளிம்பிலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் அணைகிறது. இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு, 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு, குழந்தை சிணுங்கத் தொடங்கும் முன் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். கிள்ளான் துறைமுகம் அப்படியல்ல. அங்கிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். பத்துமலைக்குப் போய் வெயிலில் 272 படிகளைத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புகின்றன. லட்சத்தீவிலும் இதே முறைதான். ஆடும் படகில் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடித்த தள்ளுவண்டியுமாக ஏறி இறங்குவது எளிதல்ல. அலை அதிகமாக இருந்தால் அன்றைய கரைப்பயணமே ரத்தாகிவிடவும் கூடும். ஆகவே பயணத் திட்டத்தில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும், கப்பல் துறையில் அணைகிறதா அல்லது படகில் போக வேண்டுமா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு வழியும் உண்டு. எல்லோரும் கரைக்குப் போன பகலில் கப்பலிலேயே தங்கிவிட்டால், குளமும் விளையாட்டிடமும் ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம்.

மாதத்தையும் கவனிக்க வேண்டும். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பதால் பொதுவாக அமைதியாகவே இருக்கும். அரபிக்கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிக்கும். வங்கக்கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறிப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிதாகவே வருகிறது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் பாடு அதிகம். மருந்தைப் பொறுத்தவரை, பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டையைக் குழந்தைக்கு ஒட்டக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி மருந்தும் அளவும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேபின்

சீசாப் பலகையின் இரு முனைகளும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அசையாமல் இருப்பதைப் போலத்தான் கப்பலும். நீளவாக்கில் நடுவிலும், உயரவாக்கில் கீழ்த்தளங்களிலும் உள்ள கேபின்களில் ஆட்டம் குறைவு. அதோடு, மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று தளப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குளத்தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தமும், அரங்கத்துக்கு நேர் மேலே என்றால் இரவில் இசையும் குழந்தையை எழுப்பிவிடும். மேலும் கீழும் கேபின் தளங்களே இருப்பது உத்தமம். பெரிய கப்பல்கள் 330 மீட்டருக்கும் அதிக நீளமுள்ளவை என்பதால், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கேபின் ஒரு நாளில் எத்தனை நடையை மிச்சப்படுத்துகிறது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

பால்கனி வேண்டுமா என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். பால்கனிக் கம்பி தாழ்வாக இருக்கும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. அமெரிக்கச் சட்டம் 42 அங்குல உயரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆபத்து கம்பியை ஒட்டிப் போட்டிருக்கும் நாற்காலியில்தான் இருக்கிறது, அதில் ஏறி நின்றால் மூன்று வயதுக் குழந்தையின் மார்பு கம்பிக்கு மேலே வந்துவிடும். நாற்காலிகளை உள்ளே எடுத்துவிடும்படி கேபின் பணியாளரிடம் சொன்னால் செய்துகொடுப்பார். இரவில் குழந்தை தூங்கிவிட்ட பிறகு பெற்றோர் இருவரும் இருட்டில் கட்டிலோரம் உட்கார்ந்து கிசுகிசுப்பதற்குப் பதிலாக வெளியே அமர்ந்து பேசலாம் என்பது பால்கனியின் உண்மையான பயன். பகலில் தூங்கும் குழந்தைக்கோ, சன்னலே இல்லாத உள்கேபினின் கும்மிருட்டுக்கு ஈடு இல்லை, விலையும் குறைவு. ஸ்பெக்ட்ரம் வகைக் கப்பல்களின் உள்கேபின்கள் பலவற்றில் வெளிக்கடலை நேரலையாகக் காட்டும் பெரிய திரை இருக்கிறது, எங்கள் மூத்தவனுக்கு அது பால்கனியைவிடப் பிடித்திருந்தது.

நால்வர் கேபின் என்று சொல்லப்படுவதில் மூன்றாவது, நான்காவது படுக்கைகள் பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்குபவையாகவோ சோபாவை விரிப்பவையாகவோ இருக்கும். தொட்டில் கட்டில் கேட்டால் தருவார்கள். அதைத் தரையில் விரித்ததும் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும் என்ற அளவுக்கு இடம் இறுகிவிடும். கைக்குழந்தையும் ஓர் ஆளாகவே கணக்கிடப்படும். உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா. பெற்றோர், இரு பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று ஆறு பேர் போவதாக இருந்தால், நடுவில் கதவு வைத்த இணைகேபின்கள் இரண்டைக் கேளுங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, முதலில் தீர்ந்துபோகின்றவையும் அவையே. பெரும்பாலான கேபின்களில் ஷவர் மட்டும்தான் என்பதால் தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிப் பழகியவர்கள் அதையும் விசாரிக்கவும்.

சாப்பாடும் கடிகாரமும்

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி மாலை ஆறு மணி வாக்கில், இரண்டாம் பந்தி எட்டு மணி வாக்கில் என்று பல கப்பல்களில் பதிவின்போதே கேட்பார்கள். குழந்தையோடு போகிறவர்கள் முதல் பந்தியை எடுக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. அமெரிக்கக் குடும்பத்துக்கு அது சரி. சென்னையிலிருந்து போன குழந்தைக்குச் சிங்கப்பூரின் ஆறு மணி என்பது மாலை மூன்றரை; பள்ளி விட்டு வந்து பிஸ்கட் தின்னும் நேரம். எட்டு மணிப் பந்திதான் அதற்கு ஐந்தரை. நாங்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து, ஒரு வாய்கூட வாங்காத பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவு பத்து மணிக்குப் பசியோடு விழித்திருந்த அவர்களுக்காகப் பஃபேயைத் தேடிப் போனோம். நான்கு நாளைக்கு அவர்களின் கடிகாரத்தை மாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நெகிழ்வான ஏற்பாடு உள்ள கப்பலானால் அதையே தேர்ந்தெடுங்கள். பஃபே இரவில் எத்தனை மணிக்கு மூடுகிறது, காலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். இந்திய நேரம் ஏழுக்கு எழும் குழந்தை அங்கே எழும்போது ஒன்பதரை ஆகியிருக்கும்.

இந்திய சைவ உணவு, ஜைன உணவு ஆகியவற்றைச் சிங்கப்பூர்க் கப்பல்கள் பலவும் தருகின்றன. ஆனால் பதிவின்போதே எழுதித் தர வேண்டும். வெறும் சாதம், தயிர், வேகவைத்த காய் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நம் தாய்மார்கள் பெட்டியில் முதலில் வைக்கும் பொருளைத்தான் கப்பல் அனுமதிப்பதில்லை. மின்கெட்டில், சிறிய ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாகும் சாதனங்கள் தீ விபத்துக்கு அஞ்சித் தடைசெய்யப்பட்டவை. பல கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் கார்டும் கூடாது. பால் பாட்டிலுக்காக நான் கொண்டுபோன கெட்டிலை ஸ்கேனரில் கண்டுபிடித்து எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு சீட்டைத் தந்து, இறங்கும் நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் சமைத்த உணவையும் பொதுவாக ஏற்றுவதில்லை. சீல் பிரிக்காத பால்பவுடர், பாக்கெட் செய்த குழந்தை உணவு ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆகவே வீட்டில் அரைத்த சத்துமாவுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய சீல் பாக்கெட்டை எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். வெந்நீரைக் கேபினுக்குக் கொண்டுவந்து தருவார்களா, எந்த நேரத்திலும் தருவார்களா என்பதையும் முன்பே விசாரித்துவிட வேண்டும். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் சானிட்டைசர் அவ்வளவாகப் பயன்படாது. சோப்புப் போட்டுக் கழுவுவதே சரி என்பதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே பழக்கிவிடுங்கள்.

பணம், தாள்கள், புறப்பாடு

விளம்பரத்தில் காணும் விலை, இருவர் தங்கும் கேபினில் ஒருவருக்கானது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையலாம். குழந்தைக்குப் பயணக் கட்டணம் இல்லை என்று சொன்னாலும் துறைமுக வரிகள் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் சேவைக் கட்டணம் சேரும், நால்வருக்கு நான்கு இரவென்றால் 240 முதல் 320 டாலர். சிலர் இரண்டு வயதுக்குக் கீழ் இதை விட்டுவிடுகிறார்கள், சிலர் பிறந்த குழந்தைக்கும் வாங்குகிறார்கள். கப்பல் மருத்துவருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருப்பதால், கப்பல் பயணத்தையும் உங்கள் குழந்தையின் வயதையும் உள்ளடக்கிய காப்பீடு அவசியம்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிச் சிங்கப்பூருக்கே திரும்புவது இரண்டாவது நுழைவாகக் கருதப்படும் என்பதால், விசா பன்முறை நுழைவுக்கானதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சிறுவர்களின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுதான் செல்லும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். பெற்றோரில் ஒருவர் மட்டுமோ தாத்தா பாட்டியோ குழந்தையை அழைத்துப்போனால், வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

ஏறும் நாளில் பெட்டிகள் கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். ஒரு நாளைக்கான டயப்பர், மருந்து, மாற்றுடை, நீச்சலுடை எல்லாம் கையிலேயே இருக்கட்டும். கப்பல் நகரும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியின்போது, குழந்தைக்கேற்ற அளவுள்ள உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். அவசரகாலத்தில் கூடும் இடத்தின் எண் எழுதிய மணிக்கட்டுப் பட்டையைப் பல கப்பல்களில் குழந்தைகளுக்குத் தருகிறார்கள், அதைக் கழற்ற விடாதீர்கள். புக்கெட்டில் இறங்கினால் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். திரும்பி வர வேண்டிய நேரம் கப்பல் கடிகாரத்தின்படி என்பதால், சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்லது.

விமானச் சீட்டை எடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரவு முழுக்கத் தூங்காத குழந்தையோடு நேராகத் துறைமுக வரிசையில் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. திரும்பும் நாளில் காலை எட்டு மணி வாக்கில் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள், அது நம் பிள்ளைகளுக்கு அதிகாலை ஐந்தரை. அன்று மதியத்துக்கு முன்பான விமானத்தைத் தவிர்த்துவிட்டு, மாலை விமானத்தை எடுத்தால் அவர்கள் விமானத்திலேயே தூங்கி ஊர் வந்து சேருவார்கள்.